காந்தமும் குளிர்ச்சியும்

நுழையும்முன்

வெப்பத்தைத் தணிக்க மனிதர் கண்ட வழிகள் பல. மண்பானையில் தொடங்கிக் குளிர்சாதனப் பெட்டி வரை அவை வளர்ந்துள்ளன. இன்று அறிவியல் உலகம், காந்தப் பொருள்களைக் கொண்டு அறை வெப்பநிலையில் வெப்பமூட்டவும் குளிரூட்டவும் முயன்று வருகிறது. இன்னும் முழுமை பெறாத அத்தொழில்நுட்பத்தில் நமக்குரிய இடம் எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

விளைச்சலும் வெப்பமும்

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் காரிமங்கலம். இவ்வூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் அண்மையிலுள்ள பாலக்கோடும் தக்காளி விளைச்சலுக்குப் பெயர்பெற்றவை. ஆழ்துளைக் கிணற்று நீரைச் சொட்டுச் சொட்டாகச் செலவிட்டு உழவர்கள் விளைவிக்கும் தக்காளி, வரத்து மிகும் நாள்களில் பறிப்புக் கூலிக்கும் போதாத விலைக்கு இறங்கிவிடுகிறது. பழங்களைச் செடியிலேயே விட்டுவிடுவதும் சாலையோரம் கொட்டுவதும் செய்தித்தாள்களில் நாம் அடிக்கடி காணும் துயரக் காட்சிகள். பின்னர் வரத்துக் குறைந்ததும் அதே தக்காளியின் விலை, வாங்குவோர் மலைக்கும் அளவுக்கு ஏறுகிறது. முழுதும் பழுக்காத தக்காளியை 12 அல்லது 13 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்தால் இரண்டு வாரம் வரை கெடாமல் காக்கலாம். அவ்வசதி ஊருக்குள் இருக்குமானால், பறித்த அன்றே கிடைத்த விலைக்கு விற்றாக வேண்டிய நெருக்கடி உழவருக்கு இராது.

தக்காளிக்கு மட்டுமன்று, கறந்த பாலுக்கு 4 டிகிரி அளவிலும், தடுப்பூசி மருந்துகளுக்கு 2 முதல் 8 டிகிரி வரையிலும் குளிர்ச்சி வேண்டும். தருமபுரி மாவட்டத்தின் மற்றொரு வாழ்வாதாரமான பட்டுப்புழு வளர்ப்பில் இத்தேவை இன்னும் நுட்பமானது. புழு வளர்ப்பு மனையின் வெப்பநிலை ஏறத்தாழ 24 முதல் 28 டிகிரிக்குள் அமைதல் வேண்டும். கோடையில் அம்மனையைக் குளிர்விக்க வேண்டும். மார்கழிப் பனியில் அதே மனைக்கு வெப்பமூட்ட வேண்டும். இரண்டில் எது தவறினாலும் புழுக்கள் நோயுறும். கூட்டின் தரம் தாழும்.

குளிரூட்டுதல் என்றதும் நகரத்து மாளிகை அறையை எண்ணிக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. உண்மையில் அது உழைப்பின் பயனைக் காக்கும் கருவி; உழவுக்கு நீர் எவ்வளவு தேவையோ, விளைந்ததைக் காக்கக் குளிர்ச்சி அவ்வளவு தேவை. ஆகவே, குளிர்ச்சியை எப்பொருளால், எவ்விலையில், யார் கையால் உருவாக்குகிறோம் என்பது அறிவியல் வினா மட்டுமன்று. வாழ்வியல் வினாவும் ஆகும்.

கடல் கடந்து வந்த குளிர்ச்சி

மண்பானை நீர் குளிர்வதன் காரணத்தை நம் முன்னோர் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. எஞ்சிய நீர் குளிர்கிறது. இது நமது மண்ணிலேயே பிறந்த குளிர்ச்சி. அதற்குப் பின் வந்தவையெல்லாம் பெரும்பாலும் கடல் கடந்து வந்தவையே.

சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் எனப் போற்றப்படும் கட்டடம், 1842-ஆம் ஆண்டளவில் பனிக்கட்டிக் கிடங்காகக் கட்டப்பட்டது. 'ஐஸ் ஹவுஸ்' என்னும் பெயர் அப்பகுதிக்கு இன்றும் வழங்கிவருகிறது. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டியெடுத்த பனிப்பாளங்களை மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பினார் ஃபிரடெரிக் டியூடர் என்னும் வணிகர். பல மாதக் கடற்பயணத்தில் உருகியது போக எஞ்சியதே கரை சேர்ந்தது. பின்னர்ப் பனிக்கட்டி செய்யும் இயந்திரங்கள் வந்தன, அவ்வணிகம் மறைந்தது. ஆனால், அந்த இயந்திரங்களும் பிற நாடுகளில் உருவாகி முழுமை பெற்ற பின்னரே நம்மை வந்தடைந்தன.

இன்றைய குளிர்சாதனப் பெட்டியும் மண்பானையின் தத்துவத்தையே வேறு வகையில் பின்பற்றுகிறது. குழாய்க்குள் அடைக்கப்பட்ட ஒரு பொருள் ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தைக் கவர்கிறது. அழுத்தும் கருவி அந்த ஆவியை அழுத்தி வெளியே கொணர, அது வெப்பத்தைப் புறத்தே விட்டு மீண்டும் நீர்மமாகிறது. இச்சுழற்சி ஓயாது நடைபெறுகிறது. இதில் சிக்கல் அந்த வாயுவில்தான் உள்ளது. முன்பு பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன்கள் ஓசோன் படலத்தை அரித்தமையால் 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை அவற்றை விலக்க வழிசெய்தது. அவற்றின் இடத்தை நிரப்பிய ஹைட்ரோஃபுளூரோகார்பன்கள் ஓசோனுக்குத் தீங்கு செய்யாவிடினும் புவியை வெப்பமாக்குகின்றன. குளிர்பதனத்தில் பரவலாகப் பயன்பட்டுவரும் ஆர்-134ஏ என்னும் வாயு, நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கார்பன் டைஆக்சைடைவிட ஏறத்தாழ 1,430 மடங்கு புவியை வெப்பமாக்கவல்லது. அறையைக் குளிர்விக்கும் வாயு, கசிந்து வெளியேறினால் உலகைச் சூடாக்குகிறது!

இம்முரணைக் களைய 2016-ஆம் ஆண்டு ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் உலக நாடுகள் கூடி ஒரு திருத்தத்தை ஏற்றன. இந்தியா 2021-இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. அதன்படி நம் நாடு இவ்வாயுக்களின் பயன்பாட்டை 2028-இல் ஒரு வரம்பிற்குள் நிறுத்தி, 2047-க்குள் 85 விழுக்காடு குறைத்தாக வேண்டும். ஐசோபியூட்டேன், புரொப்பேன் போன்ற வாயுக்கள் மாற்றாகப் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. அவை புவிக்குக் கேடு குறைந்தவை. எனினும் எளிதில் தீப்பற்றுவன. வாயுவே இல்லாமல் குளிர்விக்க இயலுமா என்னும் வினா இங்கேதான் எழுகிறது.

காந்தம் எவ்வாறு குளிர்விக்கிறது?

காந்தப் பொருளின் ஒவ்வோர் அணுவையும் ஒரு நுண்காந்தமாகக் கருதலாம். பொருள் போதிய வெப்பத்துடன் இருக்கும்போது இந்நுண்காந்தங்கள் பல திசைகளை நோக்கிக் கலைந்து கிடக்கும். வலிய காந்தப்புலத்தில் அப்பொருளை வைத்தால் அவை ஒரே திசையில் அணிவகுக்கும். திசையில் ஒழுங்கு மிகும்போது, முன்பு அங்கிருந்த ஒழுங்கின்மை அணுக்களின் அதிர்வுக்கு இடம் மாறுகிறது. அணுக்கள் மிகுதியாக அதிர்கின்றன; பொருள் சூடாகிறது. காந்தப்புலத்தை நீக்கினால் நுண்காந்தங்கள் மீண்டும் கலைகின்றன. கலைவதற்கு வேண்டிய ஆற்றலை அவை அணுக்களின் அதிர்விலிருந்தே எடுத்துக்கொள்வதால் பொருள் குளிர்கிறது. இதுவே காந்த வெப்ப விளைவு.

ஓர் அகன்ற ரப்பர் பட்டையை விரைவாக இழுத்து மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். மெல்லிய சூடு தெரியும். இழுத்த நிலையிலேயே சிறிது நேரம் வைத்திருந்து, பின்னர்த் தளரவிட்டு மீண்டும் உதட்டில் வைத்தால் குளிர்ச்சியை உணர்வீர்கள். ரப்பரில் இழுவிசை செய்யும் வேலையைக் காந்தப் பொருளில் காந்தப்புலம் செய்கிறது.

இவ்விளைவைக் கொண்டு குளிர்விக்க நான்கு படிகள் போதும். முதலில், பொருளைக் காந்தப்புலத்திற்குள் கொண்டுசென்றால் அது சூடாகும். இரண்டாவதாக, நீரைச் செலுத்தி அச்சூட்டை வெளியேற்ற வேண்டும். மூன்றாவதாக, காந்தப்புலத்தை விலக்கினால் பொருள் முன்பிருந்ததைவிடக் குளிர்ந்துவிடும். நான்காவதாக, மீண்டும் நீரைச் செலுத்தி அக்குளிர்ச்சியை வேண்டிய இடத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஒரே இயந்திரத்தின் ஒரு முனை குளிர்கிறது, மறுமுனை சூடாகிறது. கோடையில் குளிர்முனையையும் பனிக்காலத்தில் சூட்டுமுனையையும் பயன்படுத்தினால், முன்னர்க் கூறிய பட்டுப்புழு மனைக்கு ஒரே இயந்திரம் இருவகையிலும் உதவும். இதில் கசியும் வாயு இல்லை. வாயுவை அழுத்தும் கருவியும் இல்லை.

இவ்விளைவு ஒவ்வொரு காந்தப் பொருளிலும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையை ஒட்டியே உச்சம் பெறுகிறது. அப்பொருள் தன் வலிய காந்தத் தன்மையை இழக்கும் அந்நிலை கியூரி வெப்பநிலை எனப்படும். இரும்புக்கு அது ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸ். நிக்கலுக்கு 350 டிகிரிக்கும் மேல். நம் அறைகளைக் குளிர்விக்க இவை உதவா. கடோலினியம் என்னும் அருமண் உலோகத்திற்கு மட்டும் அது ஏறத்தாழ 20 டிகிரியாக அமைந்துள்ளது. அறை வெப்பநிலை ஆய்வுகளில் கடோலினியம் முதலிடம் பெற்றதற்கு இதுவே காரணம்.

தெரிந்து தெளிவோம்

பின்லாந்து நாட்டு வேதியியலாளர் யோகான் கடோலின் பெயரால் அமைந்தது கடோலினியம். இதன் அணு எண் 64. மருத்துவமனைகளில் காந்த ஒத்ததிர்வுப் படம் எடுக்கும்போது உள்ளுறுப்புகளைத் தெளிவாகக் காட்ட உடலில் செலுத்தப்படும் மருந்துகள் பலவற்றில் இத்தனிமத்தின் சேர்மங்களே உள்ளன.

ஒரு நூற்றாண்டு ஆய்வு

1917-ஆம் ஆண்டு பியேர் வைஸ், ஒகுஸ்த் பிக்கார் என்னும் அறிஞர்கள், காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட நிக்கல் ஒரு டிகிரிக்கும் குறைவாகச் சூடாவதையும், புலத்தை நீக்கியதும் குளிர்வதையும் கண்டறிந்தனர். அச்சிறு மாற்றத்தை அன்று பலர் பெரிதாகக் கருதியிருக்க மாட்டார்கள். ஆனால், 1933-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் வில்லியம் ஜியாக், மெக்டூகல் ஆகியோர் கடோலினியத்தின் உப்பு ஒன்றைக் கொண்டு தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் கால் டிகிரி என்னும் கடுங்குளிரை எட்டினர். 1949-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ஜியாக்கிற்குக் கிடைத்தது.

கடுங்குளிர் ஆய்வகங்களுக்குள் இருந்த இவ்விளைவை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவைச் சேர்ந்த பிரௌன். 1976-இல் அவர் கடோலினியத் தகடுகளையும் 7 டெஸ்லா காந்தப்புலத்தையும் கொண்டு, சூட்டுமுனைக்கும் குளிர்முனைக்கும் இடையே 47 டிகிரி வேறுபாட்டை உண்டாக்கிக் காட்டினார். 1997-இல் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் பெச்சார்ஸ்கி, கிஷ்னைட்னர் இருவரும் கடோலினியம், சிலிக்கான், ஜெர்மேனியம் சேர்ந்த உலோகக் கலவையில் மிகப்பெரிய காந்த வெப்ப விளைவைக் கண்டனர். அதன்பின் உலகெங்கும் இவ்வாய்வு விரைவு பெற்றது. லாந்தனம், இரும்பு, சிலிக்கான் கலவைகளும் மாங்கனீசு, இரும்பு, பாஸ்பரஸ் கலவைகளும் அடுத்தடுத்து ஆராயப்பட்டன. நம் நாட்டில் மும்பை, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களிலும் இத்துறையில் ஆய்வுகள் நடைபெற்றுள்ளன.

மறைக்கக் கூடாத தடைகள்

ஒரு தொழில்நுட்பத்தைப் போற்றுவோர் அதன் குறைகளையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். பிரௌன் பயன்படுத்திய 7 டெஸ்லா காந்தப்புலத்தை வீட்டுக் கருவியில் அமைக்க இயலாது. நிலைக்காந்தங்களைக் கொண்டு கருவிகளில் பெறும் புலம் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை டெஸ்லா அளவினது. ஒரு டெஸ்லா என்பதே புவியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ இருபதாயிரம் மடங்கு. ஆயினும் அப்புலத்தில் கடோலினியத்தின் வெப்பநிலை 2 முதல் 3 டிகிரியே மாறும். துளைகள் நிறைந்த காந்தப் பொருளினூடே நீரை முன்னும் பின்னுமாகச் செலுத்தி, அச்சிறு மாற்றத்தைப் படிப்படியாகப் பெருக்கினால்தான் இருபது, முப்பது டிகிரி வேறுபாடு கிட்டும். அவ்வாறு நீரைச் செலுத்தவும் ஆற்றல் செலவாகிறது. சில கலவைகள் நீர் பட்டு அரிக்கின்றன. சில, பலமுறை சூடாகிக் குளிர்ந்தபின் விரிசல் காண்கின்றன. வலிய நிலைக்காந்தங்களின் விலையோ மிகுதி. இக்காரணங்களால், கடைகளில் விற்கும் குளிர்சாதனப் பெட்டியை விலையில் வெல்லும் காந்தக் கருவி இன்னும் பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை.

எனவே, காந்தக் குளிர்பதனம் வரும்வரை காத்திருங்கள் என்று எந்த உழவரிடமும் கூறுவது அறமாகாது. இன்று கிடைக்கும் கருவிகளைக் கொண்டு இன்றே குளிர்பதனக் கிடங்குகள் எழ வேண்டும். அதே வேளையில், முதிராத தொழில்நுட்பம் நமக்கெதற்கு, பிற நாட்டார் முடித்துத் தந்தபின் வாங்கிக்கொள்ளலாம் என்னும் வாதமும் ஏற்கத்தக்கதன்று. பனிக்கட்டியை வாங்கினோம், இயந்திரத்தை வாங்கினோம், வாயுவையும் வாங்கினோம். முடிந்த பொருளை வாங்குவோர்க்கு அதன் விலையிலும் வடிவிலும் சொல்லுரிமை இல்லை. குளிர்நாட்டு வீடுகளுக்கென வடிவமைக்கப்பட்ட கருவியைக் கொண்டு நம் கோடையைச் சமாளிக்க நேர்வதும் அதனால்தான். இன்னும் முடிவடையாத தொழில்நுட்பத்திலோ நுழைவதற்கு வாயில் திறந்திருக்கிறது.

மணலும் இரும்பும்

அவ்வாயிலில் நுழைய நம்மிடம் உள்ளவை யாவை? கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் கனிமம் உள்ளது. 1909-ஆம் ஆண்டு ஷோம்பெர்க் என்னும் செருமானிய வேதியியலாளர், தென்திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு அதனைக் கண்டறிந்தார். அன்று அம்மணல், விளக்குகளின் வலைத்திரி செய்வதற்காக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. குளிர்ச்சி ஒரு கப்பலில் வந்தது. கனிமம் மறு கப்பலில் சென்றது. விடுதலைக்குப் பின் 1950-இல் தோன்றிய இந்திய அருமண் நிறுவனம் இன்று மணவாளக்குறிச்சியில் கனிமங்களைப் பிரித்தெடுக்கிறது.

மோனசைட்டில் கடோலினியம் சிறு பங்கே உண்டு. ஆனால், லாந்தனமும் நியோடிமியமும் அதில் கணிசமாக உள்ளன. காந்த வெப்ப விளைவு மிகுந்த கலவைக்கு லாந்தனம் வேண்டும். வலிய நிலைக்காந்தத்திற்கு நியோடிமியம் வேண்டும். லாந்தனக் கலவையின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இரும்பே. அதனுடன் ஹைட்ரஜனைச் சேர்த்தால் அதன் கியூரி வெப்பநிலையை அறை வெப்பநிலைக்கு உயர்த்த முடிகிறது. விலையுயர்ந்த கடோலினியத்திலிருந்து எளிதில் கிடைக்கும் இரும்பை நோக்கி ஆய்வு நகர்வது நமக்கு நற்செய்தி. 2004 வரை தருமபுரியோடு ஒரே மாவட்டமாயிருந்த கிருஷ்ணகிரியின் மயிலாடும்பாறை அகழாய்வு, 4,200 ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் இரும்பைப் பயன்படுத்தியதைக் காட்டியுள்ளது. சேலத்துக் கஞ்சமலையில் காந்த இரும்புத்தாது கிடைக்கிறது. இரும்பும் காந்தமும் இவ்வட்டாரத்திற்குப் புதியன அல்ல.

2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் சீனா, கடோலினியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, நிலைக்காந்தங்கள் கிடைக்காமல் இந்திய வாகனத் தொழிற்சாலைகளும் இடர்ப்பட்டன. மூலப்பொருளைத் தோண்டுவது மட்டும் போதாது. அதனைத் தூய்மையாக்கி, கலவையாக்கி, கருவியாக்கும் அறிவும் நம்மிடம் வேண்டும் என்பதையே அந்நிகழ்வு உணர்த்தியது.

இங்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. மோனசைட்டில் கதிரியக்கத் தன்மையுள்ள தோரியம் கலந்துள்ளது. மணல் எடுக்கப்படும் கடற்கரைகளில் மீனவ மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அவர்களின் உடல்நலத்தையும் வாழ்விடத்தையும் பலியிட்டுப் பெறும் குளிர்ச்சி நமக்கு வேண்டியதன்று. பழைய காந்தங்களையும் மின்னணுக் கழிவுகளையும் சேகரித்து அவற்றிலிருந்து அருமண் தனிமங்களை மீட்பதும், அருமண் தேவைப்படாத மாங்கனீசு, இரும்புக் கலவைகளை ஆராய்வதும் அதனால்தான் முதன்மை பெறுகின்றன.

எங்கே தொடங்குவது?

எல்லாக் குளிர்ச்சிக்கும் காந்தத்தையே நம்ப வேண்டியதில்லை. அதன் இன்றைய வலிமைக்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. பனிக்கட்டி உறைய வைக்கும் கருவிக்குப் பெரிய வெப்பநிலை வேறுபாடு தேவை. தக்காளிக்கு அவ்வளவு தேவையில்லை; 36 டிகிரி வெயிலிலிருந்து 13 டிகிரிக்குக் கொணர்ந்தால் போதும். பட்டுப்புழு மனைக்கோ பத்துப் பன்னிரண்டு டிகிரி வேறுபாடே மிகுதி. சிறிய வேறுபாட்டை உண்டாக்கும் கருவிக்குச் சிறிய வேறுபாடு போதுமான பயன்பாடே தகுந்த தொடக்கம். அத்தகைய தேவைகள் செறிந்து கிடக்கும் இடம் காரிமங்கலம் போன்ற ஊர்களே. தலைநகரத்து ஆய்வகம் கருவியை முடித்தபின் அதனைச் சிற்றூருக்கு அனுப்புவதைக் காட்டிலும், சிற்றூரின் தேவையை அளந்து அதற்கேற்பக் கருவியை வடிவமைப்பது சிறந்தது. நம் பொறியியல், வேளாண்மைக் கல்லூரிகள் இணைந்து, புழு வளர்ப்பு மனை ஒன்றைக் குளிர்விக்கவும் வெப்பமூட்டவும் வல்ல முன்மாதிரியை உருவாக்கும் பணியை மேற்கொள்ளலாம். அம்முயற்சி முதலில் வெற்றி பெறாவிடினும், அதில் உருவாகும் இளைஞர்களின் அறிவு வீண்போகாது.

கிகாலித் திருத்தத்தின்படி நாம் வாயுக்களைக் குறைத்து முடிக்க வேண்டிய 2047, நாடு விடுதலை பெற்ற நூறாவது ஆண்டாகும். இன்று பதினொன்றாம் வகுப்பில் பயிலும் நீங்கள் அன்று பணியின் உச்சத்தில் இருப்பீர்கள். அன்றைய குளிர்சாதனத்தை விலைகொடுத்து வாங்குவோராக மட்டும் நீங்கள் இருத்தல் கூடாது. இயற்பியல் பாடத்தில் கியூரி வெப்பநிலையையும், வேதியியல் பாடத்தில் லாந்தனைடுகளையும், தாவரவியலில் பழம் கனிவதையும் தனித்தனியே படிக்கிறீர்கள். அவற்றை ஒன்று சேர்த்து உங்கள் ஊரின் தேவையோடு பொருத்திப் பார்க்கும் நாளில் புதிய கருவிக்கான முதல் வரைபடம் உருவாகும். அதனைத் தமிழிலேயே சிந்தித்துத் தமிழிலேயே எழுதவும் முடியும்.

கற்பவை கற்றபின்

1. ரப்பர் பட்டைச் சோதனையைச் செய்து பார்த்து, அதனைக் காந்த வெப்ப விளைவோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.

2. உங்கள் ஊரில் குளிர்ச்சியின்மையால் வீணாகும் விளைபொருள்கள் எவை? உழவர்கள், வணிகர்களிடம் நேரில் கேட்டறிந்து பட்டியலிடுக.

3. 'முடிந்த தொழில்நுட்பத்தை வாங்குவதே வளரும் நாட்டிற்குச் சிக்கனம்' என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

4. கட்டுரையில் இடம்பெற்றுள்ள அறிவியல் கலைச்சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றையும் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.